அசையாமல் நின்ற பெண்

டயானா என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு 1997இல் பாரிஸ் சுரங்கப்பாதையில் விபத்துக்குள்ளாகி இறந்த இளவரசியின் முகம்தான் நினைவுக்கு வரும். நான் எழுத வந்தது அவரைப் பற்றியல்ல. அவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கிலாந்துப் பத்திரிகைகள் இன்னொரு டயானாவைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தன. அவர் எங்கே விருந்துக்குப் போனார், என்ன உடுத்தினார், யாரோடு பேசினார் என்பதெல்லாம் அன்றாடச் செய்தி. அவர்தான் சீமாட்டி டயானா கூப்பர். பிறந்தபோது டயானா மனர்ஸ்.

கலைக்களஞ்சியங்களில் அவரைப் பற்றி இருப்பது ஏறக்குறைய ஒரே விதமான வரிதான். உயர்குடிப் பெண், பேரழகி, நடிகை, விருந்துகளின் நாயகி, தூதுவரின் மனைவி. அவர் எழுதிய மூன்று தன்வரலாற்று நூல்களையும் ஆறுதலாக வாசித்து முடித்த பிறகு இந்த வரி எனக்குப் போதாது என்று பட்டது. அதில் எல்லாம் இருக்கிறது, அவர் உழைத்துச் சம்பாதித்தார் என்பது மட்டும் இல்லை. கோமகன் வீட்டுப் பெண்ணுக்கு உழைப்பு ஏது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் வாசிக்கத் தொடங்கினேன்.

1892 ஆகஸ்ட் 29ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தை பின்னாளில் ரட்லண்ட் பிரதேசத்தின் எட்டாவது கோமகனானவர். லெஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஒரு குன்றின் மேல் அவர்களுடைய கோட்டை இருக்கிறது. ஆங்கிலத்தில் அதன் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தால் பெல்வோயர் என்று வரும், ஆனால் ‘பீவர்’ என்றுதான் சொல்ல வேண்டுமாம். ஆங்கிலேயரின் எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் உள்ள தூரத்தை ஆங்கிலம் படிப்பித்தவர்கள் அறிவார்கள். தாய் வயலட் படம் வரைவதிலும் சிற்பம் செய்வதிலும் வல்லவர். ஒன்பது வயதில் இறந்துபோன தன் மூத்த மகனுக்காகத் தன் கையாலேயே கல்லறைச் சிற்பம் செய்தவர். டயானாவின் உண்மையான தந்தை கோமகன் அல்ல, ஹரி கஸ்ட் என்ற அரசியல்வாதியும் பத்திரிகையாளருமானவர் என்பது அந்த வட்டாரத்தில் பரவலாக அறியப்பட்ட செய்தி. டயானாவும் அதை நம்பினார், பெரிதாக மறைக்கவும் இல்லை. நம் ஊரில் இப்படியொரு கதை ஒரு குழந்தையை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பணமும் பட்டமும் இருந்தால் ஊர்வாய்கூட மெல்லத்தான் பேசும் போலிருக்கிறது.

சிறுவயதில் அவருக்குத் தசைகள் பலமிழக்கும் ஒரு நோய் இருப்பதாக வைத்தியர்கள் சொன்னார்கள். நீண்ட காலம் நோயாளிப் பிள்ளையாகவே வளர்ந்தார். பாடசாலைக்குப் போகவில்லை. பிற்காலத்தில் உலகம் எந்த உடலைப் பார்த்து வியந்ததோ அந்த உடல் சரியாக நடக்குமா என்று வீட்டார் கவலைப்பட்ட நாட்கள் அவை. அழகு பிறவியிலேயே அவருக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டது என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பருவம் வந்தபின் நிலைமை தலைகீழானது. லண்டனில் படித்த, வசதியான இளைஞர் கூட்டம் ஒன்று அவரைச் சுற்றிச் சேர்ந்தது. தங்களைத் தாங்களே ‘கெட்டுப்போன கூட்டம்’ என்ற பொருளில் அழைத்துக்கொண்டு, கவிதையும் குடியும் வேடிக்கையுமாக இருந்தவர்கள். இந்தப் பகுதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. செல்வப் பிள்ளைகளின் குறும்பை எத்தனை பக்கம் வாசிப்பது? ஆனால் 1914இல் போர் வந்ததும் அந்தப் பக்கங்களின் நிறமே மாறிவிடுகிறது.

1915இல் ஜூலியன் கிரென்ஃபெல், அவருடைய தம்பி பில்லி, சார்ள்ஸ் லிஸ்டர் ஆகியோர் போனார்கள். 1916 செப்டெம்பரில் சோம் போர்க்களத்தில் பிரதமர் அஸ்குவித்தின் மகன் ரேமண்ட் போனார். 1917இன் கடைசி இரண்டு மாதங்களுக்குள் எட்வர்ட் ஹோர்னரும் பட்ரிக் ஷோ ஸ்டூவர்ட்டும் போனார்கள். ஒரே மேசையில் இருந்து உண்ட இளைஞர்களில் ஒருவர் பின் ஒருவராக, ஏறக்குறைய எல்லோரும். தன்னோடு படித்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக விரல் மடித்து எண்ணிப் பார்த்து, மிஞ்சியவர்களை ஒரு கைக்குள் அடக்கிக்கொள்ளும் அனுபவம் நம் நாட்டுப் பெண்களுக்குப் புதிதல்ல. அதனால்தானோ என்னவோ, அந்த அத்தியாயங்களை நான் வேகமாகக் கடக்க முடியாமல் நின்று நின்றுதான் வாசித்தேன்.

தாய் எவ்வளவோ தடுத்தும் டயானா லண்டன் கைஸ் வைத்தியசாலையில் தொண்டர் தாதியாகச் சேர்ந்தார். வீட்டில் தன் சட்டைப் பொத்தானைக்கூடப் பணிப்பெண் பூட்டிவிட்டுப் பழகிய பெண், அங்கே நோயாளிகளைக் கழுவித் துடைத்து, கட்டு மாற்றி, சத்திரசிகிச்சைக்குத் தயார்செய்து நின்றார். முதல் தடவையாக, கூட யாரும் காவலுக்கு வராமல் தனியே தெருவில் நடக்கும் சுதந்திரமும் அப்போதுதான் கிடைத்தது. திருமணமாகாத உயர்குடிப் பெண் தனியே வெளியே போகக்கூடாது என்ற கட்டுப்பாடு அவர்களிடமும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். பிற்பாடு அவருடைய பெற்றோரின் லண்டன் மாளிகையே காயப்பட்ட அதிகாரிகளுக்கான வைத்தியசாலையாக மாற்றப்பட்டபோது அங்கு வேலை செய்தார். இரவில் அழுவதும், பகலில் வேலை செய்வதும், இடையில் துயரை மறக்க மோர்பின் மருந்தை நாடியதும் உண்டு.

அந்தக் கூட்டத்தில் உயிரோடு மிஞ்சியவர்களில் ஒருவர் அல்பிரட் டஃப் கூப்பர். வெளிவிவகார அலுவலகத்தில் சாதாரண உத்தியோகம். போரின் இறுதியில் படையில் சேர்ந்து வீரப் பதக்கமும் பெற்றார். தந்தை ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். குறைந்த குடும்பம் என்று சொல்ல முடியாது, ஆனால் சொத்து இல்லை. குடிப்பார், சூதாடுவார், பெண்களோடு பழகுவார். டயானா இளவரசருக்கே மனைவியாவார் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த காலத்தில் இப்படியொரு மாப்பிள்ளையை எந்தத் தாய்தான் சம்மதிப்பாள்? அழுகை, கோபம், மௌனம், தூது எல்லாம் நடந்தன. டயானா விட்டுக்கொடுக்கவில்லை. 1919 ஜூன் 2ஆம் திகதி வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள புனித மார்கிரட் ஆலயத்தில் திருமணம். தெருவெல்லாம் சனம். அடுத்த மாதமே, சமாதானக் கொண்டாட்டத்தின் வாணவேடிக்கையை ஒரு கூரைமேல் நின்று பார்த்தபோது கண்ணாடிக் கூரை உடைந்து கீழே விழுந்து கால் முறிந்தது. புதுப்பெண் பல வாரங்கள் படுக்கையில்.

இனித்தான் நான் சொல்ல வந்த விடயம்.

டஃப் கூப்பருக்குப் பாராளுமன்றம் போக வேண்டும் என்று ஆசை. அந்தக் காலத்தில் பாராளுமன்ற உறுப்பினருக்குக் கிடைத்த சம்பளம் மிகக் குறைவு. தேர்தலுக்கும் கைப்பணம் வேண்டும். அரசாங்க உத்தியோகத்தை விட்டால்தான் போட்டியிட முடியும், விட்டால் வீட்டுச் செலவுக்கு வழியில்லை. அப்போது கணவனும் மனைவியும் இருந்து கணக்குப் போட்டார்கள். டயானாவின் முகத்துக்குச் சந்தை இருந்தது. பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார். 1922இல் ‘த குளோரியஸ் அட்வென்ச்சர்’ என்ற படத்தில் நடித்தார். 1666ஆம் ஆண்டு லண்டன் பெருந்தீயைப் பின்னணியாகக் கொண்ட அந்தப் படம் பிரித்தானியாவில் எடுக்கப்பட்ட முதலாவது வண்ண முழுநீளக் கதைப்படம் என்று சினிமா வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. அடுத்த ஆண்டு ‘த வேர்ஜின் குயின்’ படத்தில் முதலாம் எலிசபெத் மகாராணியாக நடித்தார். கோமகனின் மகள் காசுக்காகச் சினிமாவில் முகம் காட்டுவதா என்று முகம் சுளித்தவர்கள் ஏராளம். கடிதம் எழுதித் திட்டியவர்களும் இருந்தார்கள்.

இரண்டு படங்களும் அவரைப் பெரிய நடிகையாக்கவில்லை. அதைச் செய்தது ஒரு வசனம்கூட இல்லாத நாடகம்.

ஒஸ்திரிய நாடக நெறியாளர் மக்ஸ் ரெய்ன்ஹார்ட் 1911இல் லண்டனில் மேடையேற்றிய ‘த மிரக்கிள்’ என்ற நாடகத்தை 1924 ஜனவரியில் நியூயோர்க்கில் புதிதாக அரங்கேற்றினார். செஞ்சரி அரங்கு முழுவதையும் ஒரு பேராலயமாகவே மாற்றினார்கள். பார்வையாளர் இருக்கைகள்கூடத் தேவாலய வாங்குகளாயின. கதை எளியது. ஒரு கன்னியர் மடத்தில் தேவமாதாவின் சொரூபம் இருக்கிறது. இளம் துறவி ஒருத்தி உலக ஆசையால் ஒரு வீரனோடு ஓடிவிடுகிறாள். அப்போது மாதாவின் சொரூபம் உயிர்பெற்றுப் பீடத்திலிருந்து இறங்கி, ஓடிப்போனவளின் அங்கியை உடுத்தி, அவளுடைய வேலைகளை அவளுக்குப் பதிலாகச் செய்கிறது. வெளியே போனவள் எல்லாத் துன்பமும் பட்டு, இறந்த குழந்தையைக் கையில் ஏந்தி மடத்துக்குத் திரும்புகிறாள். மாதா மறுபடியும் பீடத்தில் ஏறிக் கல்லாகிறாள். அவள் போனதே யாருக்கும் தெரியாது.

டயானா அந்த மாதா. இளம் துறவியாக நடித்தவர் ரொசமண்ட் பிஞ்சொட் என்ற பத்தொன்பது வயது அமெரிக்கப் பெண். கப்பலில் கண்டு ரெய்ன்ஹார்ட் தேர்ந்தெடுத்தவர். 1911இல் மாதாவாக நடித்த மரியா கார்மியும் அதே பாத்திரத்துக்கு உரிமை கோரி வந்ததால் இருவரும் மாறி மாறி நடித்தார்கள். அந்தப் போட்டியைப் பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்தன, அதனால் நுழைவுச்சீட்டு நன்றாக விற்பனையானது.

இந்தப் பாத்திரத்தைப் பற்றி ஒரு ஏளனப் பேச்சு உண்டு. சும்மா நின்றதற்கா இத்தனை புகழ்? வாயும் திறக்கவில்லை, கையும் அசைக்கவில்லை, இது நடிப்பா? இப்படிக் கேட்பவர்கள் ஒருபோதும் மேடையில் அசையாமல் நின்று பார்க்காதவர்கள். நான் ஆசிரியையாக இருந்த வருடங்களில் பாடசாலை ஒளிவிழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்குவேன். மாதாவாக நிற்கும் பாத்திரத்துக்குத்தான் எல்லாப் பெண்பிள்ளைகளும் கை உயர்த்துவார்கள். ஐந்து நிமிடம் போனால் தெரியும். முதலில் மூக்கு கடிக்கும். பிறகு ஏந்திய கை நடுங்கும். பிறகு முழங்கால். பத்தாவது நிமிடத்தில் கண் இருண்டு விழப்பார்த்த ஒரு பிள்ளையைத் திரைக்குப் பின்னால் ஓடிப்போய்த் தாங்கியிருக்கிறேன். டயானா கல் போன்ற அங்கியை உடுத்தி, வெளுத்த முகத்தோடு, ஆயிரக்கணக்கானவர்கள் முன்னிலையில் நாடகத்தின் முதற்பகுதி முழுவதும் மாடத்தில் நின்றார். தொடங்கும்போது அங்கே இருப்பது உண்மையான சிலை என்றுதான் சனம் நம்ப வேண்டும். அந்தச் சிலை மெல்ல அசையும் கணத்தில்தான் நாடகமே இருக்கிறது. அதுவரை அவர் மூச்சுவிடுவதுகூடத் தெரியக்கூடாது. அதுவும் வாரம் முழுக்க, மாதக்கணக்காக.

நியூயோர்க்கோடு அது முடியவில்லை. அமெரிக்காவின் பெருநகரங்கள், பின்னர் ஐரோப்பா என்று பல ஆண்டுகள் அந்த நாடகத்தோடு அலைந்தார். சில நகரங்களில் மாதாவாக, சில இரவுகளில் துறவியாக. 1932இல் லண்டன் லைசியம் அரங்கில் மீண்டும் மேடையேறியபோது அவருக்கு நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்தது. அப்போதும் அவர்தான் மாதா. அந்தக் காலத்தில் அவர் அமெரிக்காவில், கணவர் இங்கிலாந்தில். இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. 1983இல் அவர்களுடைய பேத்தி ஆர்டெமிஸ் கூப்பர் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பை வெளியிட்டார். ஹோட்டல் அறையில் தனியே இருந்து பயந்தும் சோர்ந்தும் எழுதும் பெண்ணைத்தான் அங்கே பார்க்கலாம். கடைசியில் வழமைபோலப் பணக் கணக்கு.

அந்தப் பணத்தை நம்பித்தான் டஃப் கூப்பர் 1924 ஜூலையில் உத்தியோகத்தை விட்டார். ஒக்டோபரில் பஞ்சாலைத் தொழிலாளர் நகரமான ஓல்ட்ஹாம் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். 1929இல் தோற்றார். 1931இல் வெஸ்ட்மின்ஸ்டரில், பெரும் பத்திரிகை முதலாளிகள் இருவரின் எதிர்ப்பையும் மீறி இடைத்தேர்தலில் வென்றார். 1935இல் போர் அமைச்சர், 1937இல் கடற்படை அமைச்சர். 1938இல் ஹிட்லரோடு பிரதமர் சேம்பர்லேன் செய்த மியூனிச் உடன்படிக்கையைக் கண்டித்துப் பதவியைத் துறந்த ஒரே அமைச்சரவை உறுப்பினர் அவர்தான். வரலாற்றுப் புத்தகங்களில் அவருக்கு நல்ல பெயர் தந்த செயல் அது. நானும் மதிக்கிறேன். ஆனால் அந்த வாசலுக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்த காசு யாருடைய கால்வலியில் வந்தது என்று எந்த வரலாற்றுப் பாடப்புத்தகமும் சொல்லப்போவதில்லை.

என் பெரியம்மாவின் நினைவு வராமல் இந்தப் பகுதியை எழுத முடியவில்லை. பெரியப்பா பயிற்சிக் கலாசாலையில் இருந்த இரண்டு வருடமும் அவர் பாடசாலைச் சீருடை தைத்துக் கொடுத்துத்தான் குடும்பம் ஓடியது. காலால் மிதிக்கும் பழைய தையல் மெஷின். பெரியப்பா அதிபராகி ஓய்வு பெற்றபோது சேவைநலன் பாராட்டு விழா எடுத்தார்கள். மூன்று மணித்தியாலம் பேச்சு. அவரைப் படிப்பித்தவர்கள், அவருக்கு வழிகாட்டியவர்கள், கூட வேலை செய்தவர்கள் என்று எல்லோர் பெயரும் வந்தது. கடைசியில் பெரியம்மாவை மேடைக்கு அழைத்து ஒரு மாலை போட்டார்கள், ‘அன்புப் பாரியார்’ என்று. அவர் சிரித்துக்கொண்டுதான் நின்றார். அந்த மெஷின் அப்போதும் வீட்டுப் பின்விறாந்தையில் இருந்தது.

கோட்டையில் பிறந்தவரையும் ஓலைக்கூரைக்குக் கீழ் தையல் தைத்தவரையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. டயானாவுக்குப் பணிப்பெண்கள் இருந்தார்கள், உறவினர்களின் மாளிகைகள் இருந்தன, விழுந்தால் ஏந்த ஆயிரம் கைகள் இருந்தன. பசியில் அவர் மேடையேறவில்லை. ஆனாலும், இருவருடைய சம்பாத்தியமும் கணவரின் பெயருக்குள் போய்க் கரைந்த விதம் ஒன்றாகத்தான் தெரிகிறது.

1929 செப்டெம்பரில், முப்பத்தேழு வயதில், டயானாவுக்கு மகன் பிறந்தான். ஜோன் ஜூலியஸ். ஒரே பிள்ளை.

டஃப் கூப்பரின் மற்றப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். திருமணமான காலம் முழுவதும் அவருக்கு வேறு பெண்களோடு தொடர்பு இருந்தது. ஒருவர் இருவர் அல்ல. இதை எதிரிகள் சொல்லவில்லை, அவரே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். அது 2005இல் புத்தகமாக வந்தது. டயானாவுக்கு எல்லாம் தெரியும். சிலரோடு அவரே சிநேகமாகிவிட்டார். பாரிஸில் டஃப் தூதுவராக இருந்த காலத்தில் அவரோடு உறவு வைத்திருந்த பிரெஞ்சு எழுத்தாளர் லூயிஸ் டி வில்மொரான் தூதரக மாளிகையிலேயே வந்து தங்குவார், டயானா அவரையும் அன்போடு உபசரித்தார். மற்றவர்கள் எல்லாம் பூக்கள், நானே மரம் என்று டயானா சொன்னதாகச் சொல்லப்படுகிறது. இதை எடுத்துக்காட்டி, எவ்வளவு பெருந்தன்மை, எவ்வளவு முதிர்ச்சி என்று புகழ்ந்து எழுதுகிறார்கள்.

என்னால் அந்தப் புகழ்ச்சியில் சேர முடியவில்லை. ‘ஆம்பிளை என்றால் அப்படி இப்படித்தான், ஆனால் வீட்டுக்காரி நீதானே’ என்று நம் பெரியவர்கள் எத்தனை பெண்களைச் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்! மரமும் பூவும் என்பது அதையே அழகான ஆங்கிலத்தில் சொல்வதுதான். டயானாவுக்குக் கணவரின் துரோகத்தைவிட அவர் செத்துப்போய்விடுவாரோ என்ற பயமே பெரிதாக இருந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இளமையிலேயே அத்தனை நண்பர்களைப் புதைத்தவருக்கு அந்தப் பயம் வந்ததில் வியப்பில்லை. அவர் பொறுத்ததை நான் குறைசொல்லவும் இல்லை. அவருக்குச் சொந்தப் பெயர் இருந்தது, சொந்தச் சம்பாத்தியம் இருந்தது, வேண்டுமானால் வாசலைத் திறந்து போயிருக்கலாம். போகாமல் இருந்தது அவருடைய தெரிவு. போக்கிடமே இல்லாமல் பொறுத்துக்கொள்ளும் பெண்ணிடம் அந்தப் பொறுமையைக் காட்டி ‘பார், சீமாட்டியே பொறுத்தார்’ என்று சொல்வதுதான் எனக்கு ஆகவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940இல் டஃப் தகவல் அமைச்சர். பத்து வயது மகனைப் பாதுகாப்புக் கருதிக் கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டு டயானா, தென்கடற்கரையில் பொக்னர் என்ற ஊருக்கு அருகே தாயிடமிருந்து கிடைத்த சிறு வீட்டில் சின்னப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். பசு, ஆடு, பன்றி, கோழி, தேனீ. ஐம்பதை நெருங்கும் வயதில் பால் கறக்கப் பழகினார். கொன்ரட் ரசல் என்ற நண்பர், அவரும் பிரபு குடும்பத்தில் பிறந்து விவசாயியானவர், வந்து பாற்கட்டி செய்யக் கற்றுக்கொடுத்தார். மூன்று நூல்களிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பன்றிக்கு எச்சில் உணவு சேர்த்ததையும், ஆடு கட்டறுத்து ஓடியதையும் அவர் எழுதும்போது இருக்கும் உற்சாகம் அரச விருந்துகளைப் பற்றி எழுதும்போது இல்லை.

அந்த மகிழ்ச்சி அதிக நாள் நீடிக்கவில்லை. 1941இல் டஃப் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். விமானப் பயணம் என்றாலே நடுங்குகிற டயானாவும் கூடவே போனார். ஜப்பானியர் நெருங்கிவிட்ட நிலையில் 1942 ஜனவரியில் அங்கிருந்து புறப்பட்டார்கள், அடுத்த மாதம் சிங்கப்பூர் விழுந்தது. பின்னர் அல்ஜியர்ஸ். 1944 செப்டெம்பரிலிருந்து 1947 முடியும்வரை பாரிஸ். போர் முடிந்தும் முடியாத அந்தக் குளிரில் பாரிஸின் எழுத்தாளரும் ஓவியரும் தூதரக மாளிகையின் கணப்படுப்பைச் சுற்றிக் கூடினார்கள். உபசரிப்பில் அவருக்கு நிகரில்லை என்று பெயர். ஆனால் ஒவ்வொரு விருந்துக்கு முன்பும் பயத்தால் உடல் குளிர்ந்துபோவார் என்பது நூல்களை வாசித்தால் தெரியும். மனச்சோர்வு வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. காரணமே இல்லாமல் நாட்கணக்கில் எழும்ப முடியாமல் கிடப்பார், தீராத நோய் வந்துவிட்டதென்று நம்புவார். இன்று அதற்கு மருத்துவப் பெயர் உண்டு. அன்று அதை மறைத்துக்கொண்டு படியிறங்கி வந்து விருந்தாளிகளைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதுவும் ஒரு விதத்தில் மாடத்தில் நிற்கிற வேலைதான்.

1952இல் டஃப் கூப்பருக்கு நோரிச் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. வழக்கப்படி மனைவி நோரிச் சீமாட்டியாக வேண்டும். டயானாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. தன்னைத் தொடர்ந்தும் சீமாட்டி டயானா கூப்பர் என்றே அழைக்கும்படி ‘டைம்ஸ்’ பத்திரிகையில் அறிவித்தல் போட்டார். திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றுவதா வேண்டாமா என்று நாம் இன்றும் விவாதிக்கிறோம். அவர் அறுபது வயதில் அந்தக் காரியத்தை ஒரு சிறு விளம்பரத்தில் முடித்துவிட்டார்.

1954 ஜனவரி முதலாம் திகதி, கப்பற் பயணத்தின்போது டஃப் இறந்தார். உடல் ஸ்பெயினின் விகோ துறைமுகத்தில் இறக்கப்பட்டது. டயானா அருகில் இருந்தார். முப்பது வருடமாக எதை நினைத்துப் பயந்தாரோ அது நடந்துவிட்டது. அதன்பின் அவர் முப்பத்திரண்டு வருடம் வாழ்ந்தார். முதற்சில வருடங்கள் ஊர் ஊராக அலைந்தார். பிறகு பேனாவை எடுத்தார். முதலாவது நூல் 1958இல் வந்தபோது அவருக்கு அறுபத்தாறு வயது. அடுத்தவை 1959, 1960 என்று வருடத்துக்கு ஒன்றாக வந்தன. பள்ளிக்கூடம் போகாதவர், ஒழுங்காக இலக்கணம் படிக்காதவர். ஆனால் பக்கத்தைப் புரட்டினால் அவர் நம் முன்னால் இருந்து கதைப்பது போல இருக்கும். அறுபதைத் தாண்டிவிட்டேன், இனி என்ன எழுதுவது என்று சலித்துக்கொள்ளும் தோழியர் சிலருக்கு இதைச் சொல்லிவிட்டேன். ஒருத்தி கொப்பி வாங்கியிருக்கிறாள்.

கடைசிக் காலத்தில் லண்டனில் சிறு நாய் ஒன்றுடன் வாழ்ந்தார். நாயைக் கொண்டுபோகக்கூடாத இடங்களுக்கெல்லாம் உடுப்புக்குள் மறைத்துக் கொண்டுபோவார். காரை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு, அபராதம் எழுத வருபவருக்கு இரக்கம் காட்டும்படி துண்டு எழுதி வைத்துவிட்டுப் போவாராம். ஒரு விழாவில் பழகிய முகமாகத் தெரிந்த பெண்மணி ஒருவரோடு சாவகாசமாகக் கதைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் அது எலிசபெத் மகாராணி என்று கண்டு, முடி இல்லாததால் அடையாளம் தெரியவில்லை என்று மன்னிப்புக் கேட்டார் என்றொரு கதையும் உண்டு. 1986 ஜூன் 16ஆம் திகதி, தொண்ணூற்று மூன்றாம் வயதில் காலமானார்.

தந்தையின் நாட்குறிப்பை 2005இல் பதிப்பித்தது மகன் ஜோன் ஜூலியஸ்தான். அதே மகன் 2013இல், தாய் தனக்கு எழுதிய கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டார். அப்போது அவருக்கு எண்பது கடந்துவிட்டது. ஐந்து வருடத்தில் அவரும் போய்விட்டார். கடல் கடந்து அனுப்பப்பட்ட பிள்ளைக்கு, போர்க்காலத்தில், பொக்னர் பண்ணையிலிருந்து தாய் எழுதிய கடிதங்கள் அதில் இருக்கின்றன. பன்றி எப்படி இருக்கிறது, பாற்கட்டி சரியாக வந்ததா, பசு எவ்வளவு பால் தந்தது என்றெல்லாம் மகனுக்கு எழுதியிருக்கிறார்.